கவலைக்கும் ஒரு நாற்காலி

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தைப் பார்க்கப் போவதென்று முடிவாகி, தேதியும் குறித்தாயிற்று. அதற்குள் ஏதோ ஒன்று வந்து சேர்கிறது. அலுவலகத்தில் ஆள்குறைப்பு என்று பேச்சு. அப்பாவுக்கு எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு மருத்துவர் ‘இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம்’ என்கிறார். செய்தியைத் திறந்தால் எங்கோ குண்டு விழுகிறது. உடனே வீட்டுக்குள் இரண்டு குரல்கள் கிளம்பும். ஒன்று, ‘இந்த வருஷம் வேண்டாமே.’ இன்னொன்று, ‘போவோம், ஆனா அங்க போய் இதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.’

முதல் குரலில் சில சமயம் நியாயம் உண்டு. ஒட்டிக்கொள்ளும் நோய் வீட்டில் இருந்தாலும், கடன் வாங்கித்தான் கிளம்ப வேண்டும் என்றாலும் தள்ளிப்போடுவதே சரி. இரண்டாவது குரல்தான் ஆபத்து. பார்க்க அது பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் பேசக் கூடாது என்று வாசலிலேயே தடுத்த விஷயம் ஜன்னல் வழியாக வரும். சாப்பிடும்போது ஒரு பெருமூச்சாக வரும், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதாக வரும், இரவு பதினொரு மணிக்கு அடுக்களையில் கிசுகிசுப்பாக வரும். வீடு முழுக்க அது உட்கார்ந்திருக்கும், அதற்கென்று இடம் மட்டும் இருக்காது.

அதற்கு ஒரு இடம் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது. ஒரு நாற்காலி, ஒரு நேரம், அரை மணி. மிச்ச நேரம் வந்த வேலைக்கு.

இது வெறும் பேச்சில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் உடனிருந்தவர்களும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஓயாமல் கவலைப்படுகிறவர்களிடம் ‘கவலைப்படாதே’ என்று அவர்கள் சொல்லவில்லை. ‘தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்து அரை மணி கவலைப்படு, மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால் அந்த அரை மணிக்கு ஒத்திப்போடு’ என்றார்கள். நான்கு வாரத்தில் அவர்கள் கவலையில் கழிக்கும் நேரம் குறைந்தது. தனி மனிதருக்காக வந்த முறை இது. ஒரு வீடே சேர்ந்து செய்யவும் தோதானது, சில திருத்தங்களோடு.

அரை மணியை எப்போது வைப்பது

போய்ச் சேர்ந்த அன்று கூடவே கூடாது. காரணம் தூக்கம். புது இடத்தில் முதல் இரவு சரியாகத் தூங்க முடியாதது எல்லோரும் அறிந்தது. 2016-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யுகா சசாகி முதலியோர் அதை மூளைக்குள் பார்த்தார்கள். முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றதைவிட லேசாகத் தூங்குகிறது; அந்நியச் சத்தத்துக்கு அதுவே சட்டென விழித்துக்கொள்கிறது. உடம்புக்குள்ளேயே ஒரு காவலாள் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே முதல் நாள் மாலையில் பயண அலுப்பு, மறுநாள் காலையில் அரைத் தூக்கம். இந்த இரண்டு வேளையிலும் எடுத்த பெரிய பேச்சு எதுவும் நல்லபடி முடிவதில்லை. ஒரே ஒரு இரவு தங்கிவிட்டுத் திரும்பும் திட்டத்தை நாங்கள் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். மோசமான இரவை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறீர்கள். மூன்று நான்கு இரவுகள் வசதி. சொந்தத் தலையணை உறையை எடுத்துப்போனால் கொஞ்சம் உதவும்.

இரண்டாம் நாள் முற்பகல் சரியான நேரம். எல்லோரும் குளித்து, சாப்பிட்டு, வெயில் ஏறுவதற்கு முன். சாப்பாட்டு மேசை வேண்டாம், படுக்கையறை வேண்டாம். அந்த இரண்டு இடத்துக்கும் இந்தப் பேச்சின் வாடை ஒட்டக் கூடாது. திண்ணையோ, மொட்டை மாடி நிழலோ, காலி அறையோ போதும். பெரியவர்கள் மட்டும். பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை: ‘நாங்க அரை மணி ஒரு விஷயம் பேசப் போறோம், முடிச்சதும் வெளிய போகலாம்’ என்று சொல்லிவிட்டால் அவர்கள் கதவில் காது வைக்க மாட்டார்கள். குறைந்தபட்சம், வைக்கும் நேரம் குறையும்.

ஒரு தாள், ஒரு பேனா. நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் இந்த மாதத்துக்குள் யாராவது செய்யக்கூடியது, வலப்பக்கம் யாராலும் இப்போது செய்ய முடியாதது. ‘ஸ்கேன் முடிவு என்ன வரும்’ என்பது வலப்பக்கம். ‘செவ்வாய்க்கிழமை அப்பாவோடு மருத்துவமனைக்கு யார் போவது, பழைய அறிக்கைகளை யார் தேடி எடுப்பது’ என்பது இடப்பக்கம். கடைசி ஐந்து நிமிடம் இடப்பக்க வரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு நாளும் எழுதுவதற்கு. இந்த ஐந்து நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். முடிக்காமல் கிடக்கும் வேலை மனசைக் குடைவதை நிறுத்த அந்த வேலையையே முடிக்க வேண்டியதில்லை, எப்போது எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டாலே போதும் என்று உளவியலாளர்கள் மசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் காட்டினார்கள். பெயரும் நாளும் இல்லாமல் எழுந்தால் அரை மணி பேசியது வீண். பேச்சு பகல் முழுக்க வால் நீட்டும்.

எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது, இது பஞ்சாயத்தாக மாறும். வேலை போகும் என்ற கவலையில் ஆரம்பித்து, ‘அன்னைக்கே அந்த வீட்டை விக்காம இருந்திருந்தா’ என்று பத்து வருஷம் பின்னால் போய்விடுவார்கள். ஒரு உட்காரலுக்கு ஒரே விஷயம் என்று முன்கூட்டியே பேசிவைப்பதுதான் தடுப்பு. இரண்டாவது, ஒருவர் மனசைத் திறந்ததும் மற்றவர் வைத்தியம் சொல்லக் கிளம்புவார். அண்ணன்களுக்கும் மாமாக்களுக்கும் இந்த வியாதி அதிகம். ‘யோசனை வேணுமா, கேட்டாப் போதுமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பித்தால் பாதிச் சண்டை வராது. மூன்றாவது, அரை மணி முடிந்த பிறகும் உட்கார்ந்தே இருப்பது. மணி அடித்ததும் எழுந்து அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். நாலு வீடு தள்ளி நடந்துவிட்டு வந்தாலும் சரி.

பிறகு இரவுச் சாப்பாட்டில் யாராவது ஆரம்பித்தால், ‘அத்தை, இதை நாளைக்குப் பத்து மணிக்கு வச்சுக்கலாம், நான் எழுதிக்கிறேன்’ என்று சொல்லி உண்மையாகவே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாமல் சொன்னால் அது வாயடைப்பு. மறுநாள் அந்தச் சீட்டைப் பார்த்தால் பாதி வரி தேவையில்லாமல் போயிருக்கும். ஒரே ஒரு விலக்கு: யாராவது உயிர் வாழப் பிடிக்கவில்லை என்ற தொனியில் பேசினால் பத்து மணி வரை காத்திருக்கக் கூடாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவரோடு உட்காருங்கள், தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

கிளம்பும் முன் ஒரு தொலைபேசிப் பேச்சு

ஒரு வாரம் முன்பு, கால் மணி நேரம். எந்த நாள் வருகிறோம் என்பதைச் சொல்கிறவர்கள் எந்த நாள், எத்தனை மணிக்குத் திரும்புகிறோம் என்பதைச் சொல்வதில்லை. விருந்தோம்புகிறவருக்கு அதுதான் முக்கியம். முடிவு தெரிந்தால்தான் அவர் மூச்சைப் பங்கிட்டுச் செலவழிக்க முடியும். யார் எங்கே படுப்பது, மாடிப்படி ஏற முடியாதவர் யார், குளியலறைக்கு வரிசை எப்படி. பணம் நெருக்கடியான வருஷமென்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லிவிடலாம்: ‘இந்தத் தடவை வெளிய சாப்பாடு, ஊர் சுத்தறது எதுவும் வேண்டாம், வீட்லயே இருப்போம்.’ எதிர்முனையில் இருப்பவரும் இதைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்திருப்பார்.

இவற்றையெல்லாம்விடப் பெரியது, யாருக்கு எது தெரியும் என்பது. பாட்டிக்குத் தன் நோய் என்னவென்று தெரியுமா? சித்தப்பாவுக்கு வேலை போனது அவர் பிள்ளைகளுக்குத் தெரியுமா? இதைக் கேட்டுவைக்காமல் போய், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ‘இப்ப எப்படி இருக்கு, ஆபரேஷன் எப்ப?’ என்று கேட்டு வீட்டையே உறையவைத்தவர்கள் ஏராளம். மறைப்பது சரியா தவறா என்பது வேறு விவாதம். அதை வாசலில் தீர்க்க முடியாது.

தேதி முடிவானதைச் சீக்கிரம் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், பிள்ளைகளுக்கு நாள்காட்டியில் வட்டமும் போட்டுக் கொடுங்கள். நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து யெருன் நாவைன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வேடிக்கையான உண்மையைச் சொல்கிறது: விடுமுறைக்குப் போகிறவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது பயணத்துக்கு முந்தைய நாட்களில். திரும்பி வந்த பிறகு பெரும்பாலோரிடம் வித்தியாசமே இல்லை. விதிவிலக்கு ஒரு கூட்டம் மட்டும், ‘மிக நிதானமாக, ஓய்வாக இருந்தது’ என்று சொன்னவர்கள். எதிர்பார்ப்பு பாதி இன்பம். மீதிப் பாதி, அவசரம் இல்லாமல் இருப்பதில்.

அதனால் ஒரு நாளைக்கு ஒரு திட்டம். இரண்டு வைத்தால் இரண்டாவது சண்டையில் முடியும். உச்சி வெயில் நேரம் எதுவும் வைக்காத நேரம்.

வெயிலைப் பற்றி நாலு வார்த்தை, ஏனென்றால் கையால் செய்து முடிக்கக்கூடிய கவலை இது. வயதாக ஆகத் தாகம் தெரிவது குறையும், ‘தண்ணி வேணுமா?’ என்று தாத்தாவைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். கேட்காமல், நேரம் வைத்து ஒரு தம்ளர் கையில் கொடுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவு. ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், பாலையே அடிக்கடி கொடுக்க வேண்டும். நிறுத்தின காருக்குள் ஏறும் சூட்டில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தாலும் பயனில்லை. ‘அஞ்சே நிமிஷம்’ என்று குழந்தையை உள்ளே விட்டுவிட்டு இறங்காதீர்கள். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆனால் பனிக்கட்டிமேல் நேராக வைத்தால் உறைந்து கெட்டுவிடும், நடுவில் ஒரு துணி சுற்றுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெறும் களைப்பில்லை. அவசர ஊர்தியைக் கூப்பிட்டுவிட்டு நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை ஈரமாக்கி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தொலைக்காட்சி என்னும் இன்னொரு விருந்தாளி

நாற்காலி போட்டாயிற்று, நேரம் குறித்தாயிற்று. ஆனால் கூடத்தில் தொலைக்காட்சி காலை ஆறு மணியிலிருந்து செய்தி ஓட்டிக்கொண்டிருந்தால் எல்லாம் வீண். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் ஆலிசன் ஹோல்மன், ராக்சேன் கோகன் சில்வர் முதலிய ஆய்வாளர்கள் 4,675 பேரிடம் விசாரித்தார்கள். அடுத்து வந்த வாரத்தில் தினம் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியையே பார்த்தவர்களிடம் காணப்பட்ட மன அழுத்தம், சம்பவ இடத்திலேயே இருந்தவர்களிடம் இருந்ததைவிட அதிகம்.

பெரியவர் வீட்டில் போய் ரிமோட்டைப் பிடுங்க முடியாது, முயலவும் வேண்டாம். வீட்டில் ஒருவரைச் ‘செய்தி ஆள்’ ஆக்கிவிடலாம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அவர் படித்துப் பார்ப்பார், நாம் ஏதாவது செய்ய வேண்டியது இருந்தால் சொல்வார். பார்ப்பதைவிடப் படிப்பது மேல்: ஒரே காட்சி நாற்பது தடவை திரும்ப வராது. இந்தப் பொறுப்பைத் தாத்தாவுக்கே கொடுத்தால் பெரும்பாலும் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்வார். கைப்பேசிகளையெல்லாம் ஒரு கூடையில் போட்டுப் பூட்டும் யோசனை எங்களுக்கு உடன்பாடில்லை. மருத்துவமனையிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ அழைப்பை எதிர்பார்ப்பவருக்கு அந்தக் கூடையே புதுக் கவலை. அந்த இரண்டு எண்களுக்கு மட்டும் மணி ஒலிக்கும்படி வைத்துவிட்டு மற்றதை ஊமையாக்கினால் போதும்.

கைக்கு வேலை

இனி இன்பத்துக்கு வருவோம். கவலைக் காலத்தில் ‘வாங்க, சந்தோஷமா இருப்போம்’ என்று எதிரெதிரே உட்கார்ந்தால் சந்தோஷம் வராது. எல்லோர் முகத்திலும் கவலையே தெரியும். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கை வேலை செய்யும்போது வரும். துணி மடிப்பது, காய் நறுக்குவது, ஆடுகிற கதவைச் சரிசெய்வது, செடிக்குத் தண்ணீர் விடுவது. கண்ணோடு கண் பார்க்க வேண்டாம், பேச்சை நிறுத்தினாலும் சங்கடமில்லை. வளர்ந்த பிள்ளைகள் இப்படித்தான் வாய் திறப்பார்கள்.

உதவி செய்ய நினைக்கும் விருந்தாளிக்கு ஒரு சொல்: ‘ஏதாவது பண்ணட்டுமா?’ என்று அடுக்களை வாசலில் நின்று கேட்காதீர்கள். ‘இல்லப்பா, நீ உக்காரு’ என்பதைத் தவிர அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. இரவு வேளையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். சமைப்பது, பரிமாறுவது, கடைசிப் பாத்திரம் கவிழ்ப்பது வரை. பாதி வேலை செய்துவிட்டுப் போவது, வீட்டு அம்மாவுக்கு வேலையைக் கூட்டத்தான் செய்யும்.

கோடை மதியத்துக்கு எங்கள் விருப்பம் பழைய புகைப்படப் பெட்டி. ஒரு மதியத்துக்கு முப்பது படம், அதற்கு மேல் எடுத்தால் பேச்சு போய்க் கணக்கெடுப்பு ஆகிவிடும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஓரங்களில் பிடித்து எடுக்க வேண்டும். படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் பெயர், இடம், தோராயமான வருஷம். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் புடைக்கும், மை பரவும். பென்சில் பிடிக்காத வழவழப்புத் தாளென்றால் தனிச் சீட்டில் எழுதி உறையில் சேர்த்துவிடுங்கள். பெயர் சொல்ல ஆளிருக்கும்போதே எழுத வேண்டிய வேலை இது.

கூடவே கைப்பேசியில் குரலைப் பதிவுசெய்யலாம், சம்மதம் கேட்டுவிட்டு. ஒரு தடவைக்கு இருபது நிமிடம். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் பதிவு முழுக்கக் காற்றிரைச்சல்தான் கேட்கும். கைப்பேசியைப் பேசுகிறவருக்கு ஒரு முழத்துக்குள் ஒரு துண்டின்மேல் வையுங்கள். ‘உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க பாட்டி’ என்றால், ‘என்னத்தச் சொல்ல’ என்று முடிந்துவிடும். ‘நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியா நடந்து போவீங்க?’ என்று கேளுங்கள். வழியைச் சொல்லத் தொடங்கினால் வழியில் இருந்த மனிதர்கள் தாமாக வருவார்கள்.

பதிவு செய்ய வேண்டியது நல்ல நாட்களை மட்டுமல்ல. எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபைவஷும் குடும்பத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் கேட்க 20 கேள்விகள் வைத்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், பெற்றோர் சிறு வயதில் பட்ட காயமோ நோயோ என்ன என்பது மாதிரி. அதிகம் தெரிந்த பிள்ளைகள் மனத்திடத்தோடு இருந்தார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அதே பிள்ளைகளைத் திரும்பப் பார்த்தபோதும் அப்படியே. விடைகளை மனப்பாடம் செய்யவைத்தால் இந்தப் பலன் வராது என்று டியூக்கே சொல்லியிருக்கிறார். யாரோ உட்கார்ந்து சொன்னார்கள், பிள்ளை கேட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘நாங்க எப்பவும் நல்லா இருந்தோம்’ என்ற கதையைவிட, ‘இருந்தோம், இழந்தோம், மறுபடி எழுந்தோம்’ என்ற மேடு பள்ளக் கதையே பிள்ளைகளுக்குப் பலம் தருவதாகவும் கண்டார்கள். அப்பாவின் ஸ்கேன் முடிவு தெரியாத வாரத்தில், அவர் சின்ன வயதில் வேலையில்லாமல் இரண்டு வருஷம் திரிந்த கதையை அவர் வாயாலேயே பேரன் கேட்பது பொழுதுபோக்கு மட்டுமில்லை.

பிள்ளை நேராகவே ‘தாத்தாவுக்கு என்ன?’ என்று கேட்டால் மூன்று வரி. என்ன நடந்தது, பெரியவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம், உனக்கு எது மாறாது. ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லாதீர்கள். ஒன்றும் இல்லை என்றால் ஏன் அம்மா அழுதாள் என்பதற்கு அது தானாக ஒரு பதில் கண்டுபிடிக்கும், பெரும்பாலும் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு.

கடைசி நாள்

பெரும்பாலான குடும்பப் பயணங்கள் கெடுவது கடைசி மூன்று மணி நேரத்தில். சார்ஜர் காணோம், பெட்டி மூடவில்லை, பணக் கணக்கு நினைவுக்கு வருகிறது, வண்டி வாசலில் நிற்கிறது. உளவியலாளர் டேனியல் கானமன் 1993-இல் சகாக்களோடு ஒரு சோதனை செய்தார். 14 டிகிரி குளிர்நீரில் ஒரு நிமிடம் கை வைக்க வேண்டும். இன்னொரு தடவை அதே ஒரு நிமிடம், கூடவே இன்னொரு அரை நிமிடம், அதற்குள் நீர் 15 டிகிரியாக மெல்லச் சூடாக்கப்படும். எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. நான்கு நாள் நன்றாக இருந்துவிட்டு வாசலில் சண்டை போட்டால் பாட்டிக்கு நினைவிருப்பது வாசல்.

எனவே பெட்டியை முந்தின இரவே மூடிவிட வேண்டும். மறுநாள் காலைக்கு வேண்டியது மட்டும் தோள்பையில். பணக் கணக்கும் முந்தின நாளே தீர வேண்டும். கிளம்பும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மணியில் எந்த வேலையும் வேண்டாம், யார் வீட்டுக்கும் போய்த் தலைகாட்டிவிட்டு வர வேண்டாம். உட்கார்ந்திருங்கள்.

நடுவில் கோடு போட்ட அந்தத் தாளையும் அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஊர் திரும்புகிறவர் எடுத்துக்கொண்டு போக வேண்டும், இடப்பக்கத்தில் தன் பெயர் இருக்கும் வரிகளோடு. வீட்டில் இருப்பவர்களுக்கு அவர்கள் வரிகளை ஒரு சிறு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். போய்ச் சேர்ந்ததும் ‘வந்துட்டோம்’ என்று ஒரு செய்தி. பேச்சு இரண்டு நாள் கழித்து, தூக்கம் தெளிந்த பிறகு, பத்து மணிக்கு.